நான் சிஸ்டர் இல்லையாம்

இங்கிலாந்தின் லெஸ்டரில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். ஜன்னலோரப் படுக்கையிலிருந்த குஜராத்தித் தாத்தா "சிஸ்டர்" என்று கூப்பிட்டார். ஊரை விட்டு வந்தபிறகு அன்றுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. ஓடினேன். பக்கத்தில் நின்ற உதவியாளர் பெண் அவரைத் திருத்தினாள்: இவர் சிஸ்டர் இல்லை, ஸ்டாஃப் நர்ஸ்.

அவள் சொன்னது சரிதான். இங்கே சிஸ்டர் என்பது பதவி, வார்டை நடத்துகிறவர். நான் பேண்ட் 5, நர்ஸ் வேலையின் முதல் படி. எல்லோரும் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பெரிய டாக்டரை நானும் பேர் சொல்லலாம். இன்னும் வாய் வரவில்லை.

சென்னையில், பழைய வண்ணாரப்பேட்டை ஆஸ்பத்திரியில் என் பேர் யாருக்குத் தெரியும்? கையில் மீன்முள் ஏறி காசிமேட்டிலிருந்து வரும் அண்ணனுக்கும் சிஸ்டர், பல்லுப்போன ஆயாவுக்கும் சிஸ்டர். அதில் மரியாதை இருக்கிறது என்றே நம்பினேன், ராயபுரத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வரும்வரை. மூன்று வீட்டார் வந்தார்கள். மூவரும் முதலில் கேட்டது, "நைட் டியூட்டி உண்டா?" மூன்றாவதாக வந்த அம்மாவின் கால் புண்ணுக்கு இரண்டு மாதம் கட்டு மாற்றியவளே நான்தான். "நல்ல பொண்ணுதான், ஆனா நர்ஸாச்சே" என்று தரகரிடம் சொல்லிவிட்டுப் போனார். அது இன்னும் ஆறவில்லை.

அங்கே மாதச் சம்பளம் 9,000 ரூபாய். சின்ன தனியார் மருத்துவமனையிலும் 20,000-க்குக் குறையக் கூடாது என்று மத்திய அரசின் குழு 2016-லேயே பரிந்துரைத்திருந்தது. எங்களுக்கோ நர்ஸ் தினமான மே 12 அன்று கேக்கும், 'தேவதைகள்' என்ற பட்டமும். தேவதை என்று சொல்லிவிட்டால் சம்பளம் கேட்கவே கூச்சமாகிவிடுகிறது.

இங்கும் பெரிய வித்தியாசமில்லை. 2020-ல் கொரோனா சமயத்தில் நர்ஸுகளுக்காக வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு வாசலில் நின்று கைதட்டினார்களாம். 2022 டிசம்பரில் அதே நர்ஸுகள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆனால் நைட் டியூட்டிக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டில் யாரும் திரை விலக்கிப் பார்ப்பதில்லை. அந்த நிம்மதி பெரிது. பன்னிரண்டரை மணி நேர டியூட்டி, குளிர், உப்பில்லாத சூப் எல்லாமே பழகிவிட்டது.

டியூட்டி முடிந்து காலை எட்டு மணிக்குப் பஸ்ஸுக்கு நிற்கையில் மட்டும் எம்.சி. ரோடு முனை டீக்கடை வந்துவிடும். துணிக்கடைகள் திறக்காத நேரம். கூட்டத்துக்குப் பின்னால் நிற்பேன். கடைக்கார அண்ணன் எட்டிப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "ராத்திரி பூரா முழிச்சிருக்காங்கப்பா, சிஸ்டருக்கு முதல்ல குடு."