கோதையாற்றுப் பாதையில் வண்டி நின்றுபோனால்

பேச்சிப்பாறை அணையைத் தாண்டிக் கோதையாறுக்குப் போகிற ரோட்டில் ஒரு வண்டி நின்றுபோனால், பின்னால் இன்னொரு வண்டி வரும்வரை அதற்கு வேறு கதி கிடையாது. பல இடங்களில் போனில் டவர் இருக்காது. மெக்கானிக் வேண்டுமென்றால் குலசேகரத்துக்கு ஆள் இறங்கிப் போக வேண்டும். நான் அந்த ரோட்டிலும் கீரிப்பாறை, மணலோடை பக்கத்திலும் ரப்பர் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் ஜீப் ஓட்டிப் பிழைத்தவன். கூலி டிரிப்புக்குத்தான். ஆனால் வழியில் நிற்கிற வண்டியைக் கிளப்பிவிடாமல் அந்த டிரிப்பே நடக்காது. அதனால் அதையும் என் வேலையாகத்தான் நினைத்தேன்.

குமரி மாவட்டத்து மலைக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. நடுவில் ரோடு முழுசாகக் காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களோ இருட்டோடு இருட்டாக, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள். வெயில் ஏற ஏறப் பால் ஒழுகுவது குறையும். ஒருவர் வளைவில் காரை நிறுத்திவிட்டு அருவியைப் போட்டோ எடுக்கப் போனால், பின்னால் ஜீப்பில் அடைந்து நிற்கிற பத்துப் பேரின் அன்றைய கூலியில் கை வைக்கிறார் என்று அர்த்தம். அவருக்கு அது தெரியாது. சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார். யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மலைரோட்டில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இது டிரைவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம் மட்டும் இல்லை. 1989-இல் வந்து 2017 வரை இருந்த சாலை விதிகளில் 25-ஆவது விதியே இதுதான்: ரோடு அகலம் போதாத இடத்தில், இறங்குகிறவர் ஓரம் கட்டி ஏறுகிறவரை விட வேண்டும். காரணம் ஸ்டியரிங் பிடித்தவர்களுக்குத் தெரியும். ஆளும் பாரமுமாக ஏறுகிற ஜீப் பாதியில் நின்றால், ஈரத்தில் மறுபடி எடுப்பதற்குள் கிளட்ச் கருகும், இல்லையென்றால் வண்டி பின்னால் உருளும். அதற்கு மேல் நாங்களாகப் பழகிக்கொண்டவையும் உண்டு. ஒதுங்க இடம் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அவர் ரிவர்ஸ் எடுப்பது. எதிரே வருகிறவரிடம் கண்ணாடியை இறக்கி, “பின்னால மரம் ஏத்தின ரெண்டு லாரி வருது அண்ணே, அந்தப் பாறைக்கிட்டயே நில்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போவது. அந்த ஒரு வாக்கியம் எத்தனையோ வண்டியைப் பள்ளத்தில் இறங்காமல் காப்பாற்றியிருக்கிறது.

கீரிப்பாறைக்கு மேலே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்ததைச் சொல்கிறேன். மழை விட்டுச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. எதிரே வந்த பைக்குக்கு ஒதுங்கப் போன ஒரு கார், ரோட்டோரச் செம்மண்ணில் இடது பக்கம் முழுவதும் தாழ்ந்து நின்றது. ஓட்டியவன் கல்லூரிப் பையன். உள்ளே அவன் அம்மா, பாட்டி, இரண்டு சிறுபிள்ளைகள். அவன் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் அதே இடத்தில் சுற்றி, மண்ணை வாரி இறைத்துக்கொண்டு இன்னும் கீழே போனது.

“தம்பி, காலை எடு. இனி மிதிச்சா அடித்தட்டு மண்ணுல இருந்துரும். அம்மா, நீங்க பிள்ளையளக் கூட்டிக்கிட்டு மேட்டுப் பக்கமா வந்து நில்லுங்க.”

வடத்தை எடுக்கும் முன்னால் ஆட்களை இறக்குவதுதான் முதல் வேலை. அந்தப் பக்கம் யானை இறங்குகிற இடம் என்பதால் பிள்ளைகளை ஜீப்புக்குள் ஏற்றி உட்கார வைத்தோம். பிறகு தோட்டத்துக்காரர்கள் மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் சரிவாக வெட்டிவிட்டார்கள். டயரில் பாதிக் காற்றை இறக்கினோம். காற்று குறைந்தால் டயர் பரந்து மண்ணைப் பிடிக்கும். ஒடிந்து கிடந்த ரப்பர்க் கம்புகளைச் சக்கரத்துக்கு அடியில் குறுக்காகத் திணித்து, மேலே சாக்கு விரித்தோம். வடத்தை பம்பரில் கட்டக் கூடாது, கொக்கியில்தான். இழுக்கும்போது வடத்தின் நடுவில் ஒரு நனைந்த சாக்கைப் போட வேண்டும், ஆட்கள் வடத்தின் நீளத்துக்கு மேல் விலகி நிற்க வேண்டும். அறுந்த வடம் காலை முறிக்கும். கார் மெல்ல ஏறியது. பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

தோட்டத்தில் காவலுக்கு இருந்த அண்ணன் ஒருவர் பட்டாளத்திலிருந்து வந்தவர், சியாச்சின் பார்த்தவர். முன்னால் சறுக்குக்கட்டையும் பின்னால் பல் வைத்த ரப்பர் பட்டையுமாக ஓடுகிற பனி ஸ்கூட்டரைப் பற்றி அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். புதுப்பனியில் அது புதைந்தால் ஆக்ஸிலேட்டரைத் தொடக் கூடாதாம். பட்டை சுற்றித் தனக்கே குழி வெட்டிக்கொள்ளும். இன்ஜினை அணைத்துவிட்டு முன்னால் உள்ள பனியைக் காலால் மிதித்து அமுக்கி, அது இறுகும்வரை காத்திருந்து எடுக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார். பனி சரியக்கூடிய சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று அவரைக் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். அவர் சிக்கிக்கொண்டால் எல்லாரும் சேர்ந்து ஓடினால், அந்தப் பாரமே பனியைச் சரித்துவிடும்.

தரைப்பாலத்தில் இதை அப்படியே எடுத்துக்கொண்டேன். குற்றியாற்றில் வெள்ளம் ஏறினால் மோதிரமலை, கோதையாறு பக்கத்து ஊர்கள் துண்டாகிப்போகும். தண்ணீர் கணுக்காலளவு ஓடும்போதுகூட ஒரு வண்டி அக்கரை ஏறிய பிறகுதான் அடுத்ததை இறக்குவேன். நடுவில் நின்றுபோன பைக்கை மீட்க நாலு பேர் தடதடவென்று இறங்குவதைப் பார்த்தால் வயிறு கலங்கும். தண்ணீரில் மூழ்கி அணைந்த இன்ஜினைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுவதும் ஆகாது. உள்ளே போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக் கரையேற்றி, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

அந்தத் தண்ணீரைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவர் காணிக்காரப் பழங்குடிப் பெரியவர் ஒருவர். கரையில் கம்பை ஊன்றி நிற்பார். ஒருநாள் மழையே இல்லை, வானம் வெளுத்திருந்தது. நான் கியரைப் போட்டேன்.

“இப்பம் போவாத மக்கா. நெறத்தப் பாரு. சருகும் சுள்ளியுமா வருது. மேல நல்லா பெய்யுது.”

நின்றோம். பீடி ஒன்று முடிவதற்குள் பாலம் கண்ணில் இல்லை.

அடிபட்டவர்களைத் தூக்கினால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டும் என்கிற பயத்தில் கண்டும் காணாமல் போகிற டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தார்கள். நல்ல எண்ணத்தில் உதவியவர் மேல் வழக்குப் பாயாது, பெயரைச் சொல்லும்படியும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் தாராளமாகத் திரும்பலாம். இதை ஒவ்வொரு ஜீப் ஸ்டாண்டிலும் எழுதிப் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இழுத்துவிட்டதற்குக் காசு கேட்கலாமா என்று புதுசாக வருகிற பையன்கள் கேட்பதுண்டு. டீசலுக்கு அவர்களாகத் தந்தால் வாங்கிக்கொள், வண்டியை இழுக்கும் முன்னால் பேரம் பேசாதே என்பேன். நடுக்காட்டில் பிள்ளைகளோடு நிற்கிறவரிடம் பேசுகிற விலை நியாயமான விலையாக இருக்க முடியாது.

அரசாங்கத்திடம் கேட்க ஒன்றே ஒன்று இருக்கிறது. பேச்சிப்பாறையின் 48 அடியில் இன்று இத்தனை, பெருஞ்சாணியின் 77 அடியில் இத்தனை என்று அணை நீர்மட்டம் தினமும் பேப்பரில் வருகிறது. அதுபோல ஒவ்வொரு தரைப்பாலத்தின் இரண்டு கரையிலும் அடிக்கணக்கு எழுதிய கல் ஒன்று நட்டு, எந்தக் கோட்டுக்கு மேல் வண்டி இறங்கக் கூடாது என்று சிவப்புப் பெயிண்டில் காட்டினால் போதும். வெளியூரிலிருந்து முதல்முறையாக வருகிறவருக்கும் அது புரியும்.