சிரிப்பு விழும் இடம்

மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்க வைப்பது என் தொழில். கூடவே சினிமாவில் சின்னச் சின்ன வேடங்களும் செய்கிறேன். ஊர் நீலகிரி மலையில் கோத்தகிரி பக்கம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இந்த இரண்டும் ஒரே வேலை மாதிரித் தெரிகிறது. "மேடையில அந்தப் போடு போடுற, கேமரா முன்னாடி நிக்கிறதுல என்னப்பா கஷ்டம்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கஷ்டம் இருக்கிறது. மேடையில் ஒரு வரியைச் சொல்லி முடித்தால் அந்த நொடியே பதில் வந்துவிடும். சினிமாவில் பதிலுக்குப் படம் வெளியாகும்வரை காத்திருக்க வேண்டும். எடிட்டிங்கில் அந்தக் காட்சி போய்விட்டால் பதிலே கிடையாது.

முன்பு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். சாயங்காலம் வந்து இறங்கும் கொழுந்து ராத்திரி முழுக்க வாடி, விடியும் முன் மிஷினுக்குப் போகும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் டிரையர் பக்கம் கதகதப்பாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். மிமிக்ரி அங்கேதான் ஆரம்பித்தது. ஃபேன் சத்தம் காதை அடைக்கும். அதில் வார்த்தையை விழுங்கிப் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. தெளிவாகவும் சுருக்கமாகவும் பேசும் பழக்கம் அங்கே வந்ததுதான். அப்புறம் எஸ்டேட் கோயில் திருவிழாக்கள், பள்ளி ஆண்டு விழாக்கள், கோவையிலும் சென்னையிலும் யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசிப் பார்க்கலாம் என்கிற ஓப்பன் மைக் மேடைகள். ஓப்பன் மைக்கில் நாலைந்து நிமிஷம்தான் தருவார்கள். நேரம் முடியப்போகிறது என்றால் எதிரே ஒரு விளக்கு எரியும். காசு கிடையாது.

வேலைக்குப் போய்க்கொண்டே மேடை ஏறுவது நம் நகைச்சுவை நடிகர்களுக்குப் புதிதில்லை. நாகேஷ் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டார். விவேக் தலைமைச் செயலகத்தில் வேலையில் இருந்தபடி ஹ்யூமர் கிளப் மேடையில் பேசினார்; 1987-இல் கே. பாலசந்தர் அவரைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தார். 2005 வாக்கில் விஜய் டிவியில் 'கலக்கப்போவது யாரு' வந்த பிறகு அந்த வழி இன்னும் அகலமானது. சிவகார்த்திகேயன் அதில் வந்தவர்தான். தனி ஆளாக நின்று ஊரைச் சிரிக்க வைப்பதை ஸ்டாண்ட்-அப் என்று இன்று சொல்கிறோம். வில்லுப்பாட்டும் காலட்சேபமும் கேட்டு வளர்ந்த ஊருக்கு அது அந்நியமான கலையே இல்லை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நாகர்கோவில் வில்லுப்பாட்டிலிருந்து கிளம்பி நாடகத்துக்கும், பிறகு சினிமாவுக்கும் வந்தவர். யாரையும் மட்டம் தட்டாமல் சிரிக்க வைத்து, அதோடு ஒரு விஷயத்தையும் சொல்ல முடியும் என்பதற்கு எனக்கு அவர்தான் ஆதாரம்.

ஒரு ஜோக் எப்படித் தயாராகிறது என்பதைச் சொன்னால்தான் இந்த வேலை புரியும். 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர இ-பாஸ் என்கிற முன் அனுமதி எடுக்க வேண்டும். உள்ளூர் வண்டிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பையன் சென்னையில் வேலை பார்த்து, அங்கேயே வண்டி வாங்கியிருந்தால்? சொந்த வீட்டுக்கு வரச் சுற்றுலாப் பயணி மாதிரி விண்ணப்பிக்க வேண்டியதுதான். இதை வைத்து எழுதினேன். முதலில் எழுதியது நீளமாக இருந்தது. நீதிமன்றம், கூட்ட நெரிசல், மே மாத சீசன் எல்லாம் அதில் இருந்தது. ஒவ்வொரு மேடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். கடைசியில் மிஞ்சியது இதுதான்:

"எங்க வீட்டுக்குப் போக நான் இ-பாஸ் எடுத்தேங்க. எத்தனை நாள் தங்குவீங்கன்னு கேட்டுச்சு. அதை முடிவு பண்றது எங்க அம்மா."

இதில் கடைசி வரி முதலில் "எங்க அம்மாதான் அதை முடிவு பண்ணுவாங்க" என்று இருந்தது. 'அம்மா' என்றதுமே சிரிப்பு கிளம்பிவிடும்; மீதி வரி அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போகும். நான் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று தெரிந்து பார்ப்பவர்களும் சட்டென்று அடங்கிவிடுவார்கள். 'அம்மா'வைக் கடைசிக்குத் தள்ளினேன். அதற்கப்புறம் சிரிப்பு தடையில்லாமல் முழுசாக வந்தது. ஒரு சொல்லை இடம் மாற்றியதற்கு இவ்வளவு பலன். நாள் முழுக்க நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து நான் செய்வது பெரும்பாலும் இந்த மாதிரி வேலைதான்.

ஆனால் அதே ஜோக்கை ஊட்டியில் சொன்னபோது வேறு மாதிரி நடந்தது. "எங்க வீட்டுக்குப் போக இ-பாஸ் எடுத்தேங்க" என்ற முதல் வரிக்கே அரங்கம் அதிர்ந்தது. அம்மா வரிக்கு வந்ததோ மெல்லிய சிரிப்பு. அதுவும் இளைஞர்களிடமிருந்து மட்டும். முன் வரிசைப் பெண்கள் தலையை ஆட்டினார்கள், சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. பச்சைத் தேயிலை விலை கட்டுப்படியாகாமல், பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைக்கப் போய்விட்ட வீடுகள் இங்கே நிறைய. பையன் வந்தால் எத்தனை நாள் இருப்பான் என்பது அந்த அம்மாக்கள் கையில் இல்லை. அந்த வரியை நான் எடுக்கவில்லை. மலையில் சொல்லும்போது மட்டும் அதன் பிறகு கொஞ்சம் நேரம் விடுகிறேன். அந்தத் தலையசைப்பும் எனக்குக் கிடைக்கும் பதில்தான், சிரிப்புக்கு அது எந்த வகையிலும் குறைந்ததில்லை.

இன்னொன்றிலும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இந்தியாவும் இலங்கையும் 1964-இல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி தோட்டங்களில் இருக்கின்றன. அவர்கள் பேச்சின் இழுவையை நகல் எடுத்தால் சமவெளியில் எளிதாகக் கைதட்டல் கிடைக்கும். பழங்குடி மக்களைப் போல வேஷம் கட்டினாலும் கிடைக்கும். நிறத்தையும் உடம்பையும் வைத்துப் பேசினால் கேட்கவே வேண்டாம். இது எதையும் நான் செய்வதில்லை. வேடத்துக்காகக் கேட்டபோதும் முடியாது என்றிருக்கிறேன். அதனால் வாய்ப்பு போனதும் உண்டு. தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் இருப்பவர் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்து, தன்னைத் தானே பார்த்துக் கூசிப்போகிற மாதிரி ஒரு நிகழ்ச்சி எனக்கு வேண்டாம்.

சரி, கேமராவுக்கு வருகிறேன். ஊட்டியில் படப்பிடிப்பு என்றால் பாதி வேலை காத்திருப்பது. வெயிலில் பாதி ஷாட் எடுத்திருப்பார்கள்; திடீரென்று மேகம் இறங்கி எதிரில் நிற்பவரே தெரியாமல் போகும். ஷாட்டுக்கு ஷாட் வெளிச்சம் மாறாமல் இருக்க வேண்டும் என்கிற கன்டினியூட்டிக்காக வெயில் திரும்பும்வரை எல்லோரும் குடையும் டீயுமாக நிற்போம். நகைச்சுவைக்கு இந்தக் காத்திருப்பு பெரிய சோதனை. ஒத்திகையில் இருந்த சூடு ஆறிப் போயிருக்கும்; "ஆக்‌ஷன்" என்றதும் அதை மறுபடி கொண்டுவர வேண்டும். யாரும் சிரிக்கக் கூடாது. அங்கேயே குரலைப் பதிவு செய்யும் லைவ் சவுண்ட் என்றால் தும்மக்கூட முடியாது. வரியைச் சொல்லிவிட்டு, விழாத சிரிப்புக்கு எவ்வளவு நேரம் விடுவது? விட்டால் எடிட்டர் அதை வெட்டலாம், விடாவிட்டால் தியேட்டரில் அடுத்த வரி சிரிப்பில் மூழ்கிவிடும். மேடையில் அதே மாதிரி வரிகளைச் சொல்லி, எங்கே எவ்வளவு நேரம் சிரிப்பு நிற்கும் என்று காதில் ஏற்றி வைத்திருப்பவனுக்கு அது கைகொடுக்கும். அதனால்தான் பட வாய்ப்பு வந்ததும் மேடையை விடுகிற தம்பிகளிடம் விடாதே என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒருமுறை டேக் முடிந்ததும் லைட் பிடித்திருந்த அண்ணன் பக்கத்தில் வந்து, "தம்பி, உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்யா" என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த சம்பளத்தில் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கிறேன்.

வருமானம் ஒரே சீராக வராது. மலையில் ரிசார்ட்டுகளில் நடக்கும் கம்பெனிக் கூட்டங்கள்தான் பெரும்பாலும் வீட்டு வாடகையைக் கட்டுகின்றன. சாப்பாட்டு நேரத்தில், பாதிப் பேர் ஃபோன் பார்த்துக்கொண்டிருக்க, பேச வேண்டியிருக்கும். அதையும் முழு மனசோடு செய்கிறேன்.

இப்போது ஒரு மணி நேர நிகழ்ச்சி ஒன்றைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். வழக்கமாகச் சென்னையில் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோவார்கள். இதை நான் மலையில்தான் முதலில் போடுகிறேன், அதுவும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு. தோட்டத்துக்கு அன்றுதான் லீவு. இருட்டிவிட்டால் காட்டெருமையும் கரடியும் நடமாடும் வழி, பஸ்ஸும் குறைந்துவிடும். ஆறு மணிக்குள் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் இடைவேளை கிடையாது.