“அப்ப நான் எண்ணுனது எதை சார்?”

கேள்வி அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: ‘நிலவு பூமியை ஒருமுறை சுற்றிவர எத்தனை நாட்கள் ஆகும்?’ அதன் கீழே விடை, 27.3. அட்டையை எழுதியது நான் இல்லை. வட்டார அளவில் வினாடி வினா நடத்தும்போது கேள்விகளை யார் எழுதுகிறார்கள், எத்தனை மணிக்கு உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்பதெல்லாம் இதைப் படிக்கிற ஆசிரியர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு நடுவர் நாற்காலி. வாசிக்க வேண்டும், விடை சரியா என்று சொல்ல வேண்டும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை. மைக்கை வாங்கி, பக்கத்தில் இருந்த இரண்டு பேரையும் கலந்துகொள்ளாமல், “இருபத்தொன்பதரை நாள்” என்றாள். நான் “தவறு” என்றேன். கேள்வி அடுத்த அணிக்குப் போனது. பழநி அடிவாரத்துப் பையன் ஒருவன் “இருபத்தேழு புள்ளி மூணு” என்றான். கைதட்டினார்கள். அடுத்த அட்டையை எடுத்தேன்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வாயைத் திறப்பதற்கு முன்பே தெரியும். அமாவாசைக்கு அமாவாசை 29.5 நாள், வானத்தில் ஒரு நட்சத்திரத்தை விட்டுக் கிளம்பிய நிலா மறுபடி அதே நட்சத்திரத்துக்கு வர 27.3 நாள். தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போகிறபோது நான் விரும்பிப் பேசுகிற விஷயமே இதுதான். கேட்டது ‘சுற்றிவர’. பிறைகளைப் பற்றிக் கேட்டிருந்தால் அவள் விடை சரி. கேட்காத கேள்விக்குச் சொன்ன சரியான விடைக்கு மதிப்பெண் கொடுக்க ஆரம்பித்தால் எந்தப் போட்டியும் நடக்காது. இதை அன்றைக்கும் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

அந்த ஐந்து மதிப்பெண் வந்திருந்தாலும் அவள் அணி ஜெயித்திருக்காது. கடைசியில் கூட்டிப் பார்த்தேன். யாராவது முறையிட்டால் சொல்ல வேண்டுமே என்று பார்த்தேனா, என் மனசுக்காகப் பார்த்தேனா என்று தெரியவில்லை. யாரும் முறையிடவில்லை.

மதியம் கை கழுவுகிற குழாயடியில் அவளே வந்தாள். சண்டை போட வந்த மாதிரி இல்லை.

“சார், நான் எண்ணிப் பாத்தேன் சார். எங்க டீச்சர் நோட்டுப் போடச் சொன்னாங்க. மூணாம் பிறையிலேருந்து மூணாம் பிறை. ஒரு தடவ இருபத்தொம்போது வந்துச்சு, ஒரு தடவ முப்பது வந்துச்சு.”

“நீ எண்ணுனது சரிதாம்மா. ஆனா கேள்வி அது இல்ல.”

“அப்ப நான் எண்ணுனது எதை சார்?”

“அது வேற கணக்கும்மா” என்றேன். பின்னால் தட்டோடு பிள்ளைகள் நின்றார்கள். பரிசளிப்புக்குக் கூப்பிட்டார்கள். அவள் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

‘வேற கணக்கு’ என்பதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நம் ஊரில் ஒரு பிள்ளையை அனுப்பிவைப்பதற்குச் சொல்கிற வார்த்தை அது. என்ன கணக்கு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கடிகாரம் போதும். பன்னிரண்டு மணிக்கு இரண்டு முள்ளும் ஒன்றாக நிற்கின்றன. பெரிய முள் ஒரு சுற்று முடித்து மறுபடி பன்னிரண்டுக்கு வர 60 நிமிடம். ஆனால் அதற்குள் சின்ன முள் ஒன்றுக்குப் போய்விட்டது. அதைப் பிடிக்கப் பெரிய முள் இன்னும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும். பெரிய முள் நிலா. சின்ன முள், நாம் பார்க்கிற சூரியன். பூமி சூரியனைச் சுற்றி நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 பாகை நகர்வதால், 27 நாளில் சூரியன் நட்சத்திரங்களுக்கு நடுவே 27 பாகை தள்ளிப் போனது போலத் தெரியும். நிலா ஒரு நாளைக்குச் சுமார் 13 பாகை ஓடுகிறது. பிடிக்க இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். 27.3 இப்படித்தான் 29.5 ஆகிறது. குழாயடியில் நின்றே சொல்லிவிடலாம்.

சொன்னால் அவளுக்குப் புரிந்திருக்குமா என்றும் யோசிக்கிறேன். இதை வகுப்பில் சொல்லி, எல்லோரும் “புரிஞ்சுது சார்” என்று சொல்லி, மறுநாள் ஒருவருக்கும் நினைவில்லாமல் போனதைப் பார்த்தவன்தான் நான். ஆனால் நோட்டுப் போட்ட பிள்ளை வேறு. அவள் கையில் 29, 30 என்று இரண்டு எண் இருந்தது. அதைக் கூட்டிப் பாதியாக்கித்தான் இருபத்தொன்பதரை என்றிருக்கிறாள். புத்தகத்தில் படித்த எண்ணாக இருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

அப்படியானால் அந்தப் பையன் மனப்பாடம் செய்து சொன்னவன் என்று தோன்றும். எனக்கும் அப்படித் தோன்றியது. அப்படி இருந்தால் வசதி என்று கூடத் தோன்றியது. பரிசளிப்பு முடிந்து அவனைக் கூப்பிட்டு, “இருபத்தேழுன்னு எப்படித் தம்பி தெரியும்?” என்று கேட்டேன். “கார்த்திகைக்குக் கார்த்திகை இருபத்தேழு நாள் சார், சில தடவ இருபத்தெட்டு. அன்னிக்கு எங்க கடையில கூட்டமா இருக்கும்” என்றான். அடிவாரத்தில் அவர்களுக்குப் பூக்கடை. முருகனுக்கு உகந்த கார்த்திகை நட்சத்திரம் மாதாமாதம் வருவதை அவன் வியாபாரத்தில் எண்ணியிருக்கிறான். புள்ளி மூன்று மட்டும் புத்தகத்திலிருந்து வந்தது.

ஆக இருவருமே எண்ணியவர்கள். ஒருத்தி பிறையை எண்ணினாள், ஒருவன் நட்சத்திரத்தை எண்ணினான். நான் ஒருவருக்குக் கைதட்டச் செய்து ஒருத்தியைத் தவறு என்றேன்.

இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதற்குப் பழநியை விட நல்ல இடம் இல்லை. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம். எல்லாம் பௌர்ணமியை ஒட்டி வருபவை. நட்சத்திர வரிசையில் பாருங்கள்: பூசம், ஆயில்யம், மகம், பூரம், உத்திரம், அஸ்தம், சித்திரை, சுவாதி, விசாகம். ஒவ்வொரு பௌர்ணமியும் முந்தையதிலிருந்து இரண்டு நட்சத்திரம் தள்ளிப் போகிறது. தைப்பூசத்தன்று பூசத்தில் முழுசாக நின்ற நிலா, 27 நாளில் பூசத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் அன்று முழுநிலா இல்லை. முழுசாவதற்கு மகம் வரை போக வேண்டும். அந்த இரண்டு நாள்தான் அவளுக்கும் அவனுக்கும் இடையில் இருந்த வித்தியாசம். உண்மையில் இரண்டை விடச் சற்று அதிகம் என்பதால் மிச்சம் சேர்ந்துகொண்டே வரும். அதனால்தான் திருக்கார்த்திகையிலிருந்து மார்கழித் திருவாதிரைக்கு மூன்று நட்சத்திரம் தாவ வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் எழுதும்போது எனக்கு உற்சாகமாக இருக்கிறது. அன்றைக்கு அந்த மேடையில் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்தி இதைச் சொல்லியிருந்தால், அரங்கத்தில் அன்று கேட்கப்பட்ட எல்லாக் கேள்விகளையும் விட அது பெரிய விஷயமாக இருந்திருக்கும். நேரமில்லை என்பது உண்மை. இரண்டு நிமிடம் கூட இல்லையா என்றால், தலைமை விருந்தினர் பேச்சுக்கு நிறைய நேரம் இருந்தது.

கூட நடுவராக இருந்த நண்பரிடம் இதைச் சொன்னேன். “மார்க் குடுத்திருந்தா மத்த டீம் சும்மா விட்டிருப்பாங்களா சார்? புத்தகத்துல இருக்கறதுக்குத்தான் நாம பொறுப்பு” என்றார். பிறகு அவரே, “சந்திரயான் பதினாலு நாள்னு எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதை வெச்சுச் சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு சொன்னதும் சரிதான்னு ஆயிருக்கும்” என்றார். விக்ரம் லேண்டர் 2023 ஆகஸ்ட் 23 அன்று, அங்கே பொழுது விடிகிற சமயம் பார்த்து இறங்கியது. இருட்டுவதற்கு முன் செப்டம்பர் 4 அன்று அதைத் தூங்க வைத்தார்கள். நிலவில் ஒரு பகல் என்பது 29.5இல் பாதி. அதனால் நண்பர் சொன்னது சரி. ஆனால் 27.3இல் பாதியும் கிட்டத்தட்ட 14தான் வரும். அந்த உதாரணம் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாது என்று அவரிடம் சொல்லவில்லை. ஆறுதலாகச் சொல்கிறவரிடம் கணக்குப் போடுவானேன்.

என் நியாயம் எனக்கே ஆட்டம் கண்டது பேருந்தில் திரும்புகிறபோது. முதல் சுற்றில், ‘பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எத்தனை மணி நேரம்?’ என்று ஒரு கேள்வி. அட்டையில் 24 மணி நேரம். ஒரு பிள்ளை அப்படியே சொன்னது. நானும் “சரி” என்றேன். ஆனால் நட்சத்திரத்தை வைத்துப் பார்த்தால் பூமியின் ஒரு சுற்று 23 மணி 56 நிமிடம். சூரியனை வைத்துப் பார்த்தால்தான் 24 மணி. காரணமும் அதேதான்: பூமி சூரியனைச் சுற்றி ஒரு பாகை நகர்ந்துவிடுவதால் நான்கு நிமிடம் கூடுதலாகச் சுழன்றால்தான் சூரியன் உச்சிக்கு வரும். அதாவது ஒரே காலையில், ஒரே மேடையில், பூமிக்குச் சூரியனை வைத்து அளந்தேன். நிலாவுக்கு நட்சத்திரத்தை வைத்து அளந்தேன். அந்தப் பெண் செய்தது, முதல் கேள்வியில் நான் ஏற்றுக்கொண்ட அளவுகோலை இரண்டாவது கேள்விக்கும் பிடித்ததுதான்.

அட்டை அப்படி இருந்தது என்பது பதில் ஆகுமா? ஆகும் என்று சில நாள் தோன்றுகிறது. வினாடி வினா என்பது ஒப்புக்கொண்ட விடைகளின் விளையாட்டு. பிள்ளைகளுக்கும் அது தெரியும். சில நாள் அந்த நோட்டு நினைவுக்கு வருகிறது. அவள் பள்ளி எதுவென்று தெரியும். அங்கே என்னோடு படித்த ஒருவர் இருக்கிறார். அவர் மூலம் கூப்பிட்டு விளக்கலாம். விளக்கினால் அது அவளுக்காக இருக்குமா, என் உறுத்தலுக்காக இருக்குமா என்ற யோசனையில் தள்ளிக்கொண்டே போகிறது. இப்போது அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருப்பாள். அந்த நோட்டை எழுதச் சொன்ன டீச்சர், நான் விட்ட மிச்சத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கவும் கூடும். அவருக்கு இரண்டு கணக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த ஆண்டு கேள்வி எழுதும் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். ‘நட்சத்திரங்களைப் பின்னணியாகக் கொண்டு பார்த்தால், நிலவு பூமியை ஒருமுறை சுற்றிவர எத்தனை நாட்கள்?’ என்று ஒன்று, ‘ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை சராசரியாக எத்தனை நாட்கள்?’ என்று இன்னொன்று எழுதிக் கொடுத்தேன். முதல் கேள்வி வாசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும், இரண்டையும் வைத்தால் பிள்ளைகள் குழம்பும் என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டு, சூரியக் குடும்பத்தில் பெரிய கோள் எது என்று போட்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. வியாழனில் யாருக்கும் தகராறு வராது.