இருபதாம் வசனத்துக்குப் பிறகு

அப்பா இல்லாத முதல் கிறிஸ்து பிறப்பு அது. ஒவ்வோர் ஆண்டும் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்ததும், குடில் முன்னால் நின்று லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தைச் சத்தமாக வாசிப்பவர் அவர்தான். இடையர்கள் கடவுளைப் புகழ்ந்துகொண்டே திரும்பிப் போகிற 20ஆம் வசனம் வந்ததும் விவிலியத்தை மூடி வைப்பார். அந்த ஆண்டு அதை யார் வாசிப்பது? அந்த நேரத்தில் வீட்டில் நிற்க எனக்குத் தெம்பில்லை. அக்கா அம்மாவோடு இருந்தாள். அம்மாவும் "போயிட்டு வா" என்றார். டிசம்பர் 23 மாலை ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடம் ஒன்றுக்குப் போய்விட்டேன், பத்து நாள் தங்குவதற்கு.

கதவைத் திறந்த முதிய சகோதரர் எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. அறைச் சாவியைக் கொடுத்தார், சிற்றாலயம் இருக்கும் பக்கத்தைக் காட்டினார், அவ்வளவுதான். வருகிற விருந்தினர் எல்லாரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று புனித ஆசீர்வாதப்பர் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்கின் 53ஆம் அதிகாரம் சொல்கிறது. மறுநாள் நள்ளிரவுத் திருப்பலியில் 'விடுதியில் இடம் கிடைக்கவில்லை' என்று வாசித்தபோது என் கை சட்டைப்பையில் இருந்த அந்தச் சாவியைத் தேடியது.

மடத்தின் நாள் இருட்டிலேயே தொடங்குகிறது. மணி அடித்ததும் துறவிகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று திருப்பாடல்களை மாறி மாறிப் பாடுகிறார்கள். ஒவ்வொரு வசனத்தின் நடுவிலும் ஒரு மூச்சு அளவுக்கு நிறுத்துகிறார்கள். முதல் நாள் நான் மட்டும் அடுத்த வரிக்கு முந்திப் போய்விட்டேன். அந்த நிறுத்தத்தில் காத்திருக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அதன் பிறகு, பாடிய வரிகளைவிட அந்தச் சின்ன அமைதிக்காகவே எழுந்து போனேன்.

கிறிஸ்து பிறப்பு 25ஆம் தேதியோடு முடிந்துவிடும் என்றுதான் அதுவரை வாழ்ந்திருக்கிறேன். அங்கே அன்றுதான் ஆரம்பம். நள்ளிரவில் வானதூதர்கள், விடியலில் இடையர்கள், பகலில் யோவானின் 'வாக்கு மனிதர் ஆனார்' என மூன்று திருப்பலிகள், மூன்று நற்செய்திகள். மறுநாளே பீடத்தில் மறைசாட்சிகளின் நிறமான சிவப்பு. கல்லால் எறிந்து கொல்லப்பட்ட முதல் மறைசாட்சி ஸ்தேவானின் விழா. தீவனத் தொட்டியிலிருந்து கல்லெறிக்கு ஒரே இரவில் வந்துவிட்டோம்.

28ஆம் தேதி, மாசில்லாக் குழந்தைகளின் விழா. ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளைப் பற்றிய மத்தேயுவின் பகுதி. அதன் கடைசியில் எரேமியாவிலிருந்து ஒரு வரி வருகிறது: இராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறார், ஆறுதல் பெற மறுக்கிறார். வாசகம் அங்கேயே முடிந்துவிட்டது. வாசித்தவர் உடனே நூலை விட்டு நகரவில்லை. அப்பா இறந்த நாளிலிருந்து ஆளாளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் கிறிஸ்து பிறப்பு வாரத்தின் நடுவிலேயே, ஆறுதல் வேண்டாம் என்கிற ஒரு தாய்க்குத் திருச்சபை இடம் கொடுத்திருக்கிறது, அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை என்பதை அன்றுதான் கேட்டேன். அப்பா இறந்ததற்குப் பிறகு முதல்முறையாக அழுதேன்.

மாலையில், கதவைத் திறந்த அந்த முதிய சகோதரரிடம், "பிரதர், இறைவார்த்தையை நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். 12ஆம் நூற்றாண்டுக் கர்த்தூசிய சபைத் துறவி இரண்டாம் கீகோ சொன்ன நான்கு படிகளைச் சொன்னார். வாசிப்பது உணவை வாயில் வைப்பது. தியானிப்பது மெல்லுவது. செபிப்பது சுவையைப் பெறுவது. அதன் பிறகு வருவது இனிமை மட்டுமே. "நீ மெல்லாமல் விழுங்குற தம்பி" என்றார். உண்மைதான்.

ஜனவரி 1, மரியா இறைவனின் தாய் பெருவிழா. நற்செய்தியைத் திறந்தால் மறுபடியும் அதே இடையர்கள்! 25ஆம் தேதி விடியலில் கேட்ட பகுதி, முதல் வசனம் கழிந்து கடைசியில் ஒரு வசனம் கூடி, எட்டாம் நாள் திரும்பி வருகிறது. 25ஆம் தேதி பகலில் கேட்ட யோவான் நற்செய்தியின் முன்னுரையும் முந்தின நாள் இப்படித்தான் திரும்பி வந்தது. மறையுரையில் ஒரு துறவி, மரியா 'சிந்தித்துக்கொண்டிருந்தார்' என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லை விளக்கினார். ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் பார்ப்பது என்பது அதன் பொருள். இடையர்கள் விரைந்து வந்து, பார்த்து, போய்விடுகிறார்கள். மரியா புரியாதவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருக்கிறார். எனக்கு இந்த விளக்கம் மிகவும் பிடித்தது. அப்பாவின் மரணத்தையும் இந்தக் குழந்தையின் பிறப்பையும் இணைக்க எனக்குத் தெரியவில்லை. சரி, பக்கத்தில் வைக்கலாம்.

ஜனவரி 2ஆம் தேதி வீடு திரும்பினேன். திருக்காட்சி விழா, ஆண்டவரின் திருமுழுக்கு விழா, அப்புறம் திருச்சபையின் வழக்கமான பொதுக்காலம். வாரநாள் திருப்பலிகளில் மாற்கு நற்செய்தி ஆரம்பித்தது. முதல் வாரத்திலேயே, இயேசு விடியற்காலை இருட்டில் எழுந்து தனிமையான இடத்துக்குப் போய்ச் செபித்தார் என்று வருகிறது. மடத்து மணி காதில் கேட்டது. தினமும் ஒரே ஒரு வசனத்தை நாள் முழுக்க மென்றேன்.

பிப்ரவரி 2ஆம் தேதி மறுபடியும் மடத்துக்குப் போனேன். ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக்கிய விழா. பிறப்பிலிருந்து நாற்பதாம் நாள். ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்டம் அனுமதித்த புறாக் காணிக்கையோடு மரியாவும் யோசேப்பும் வருகிறார்கள். மெழுகுதிரிகளை மந்திரித்து, எரியும் திரியோடு பவனியாக உள்ளே போனோம். 'உம் அடியான் என்னை இப்போது அமைதியுடன் போகச் செய்கிறீர்' என்று கோவிலில் குழந்தையைக் கையில் ஏந்திச் சொன்ன முதியவர் சிமியோனின் வார்த்தைகளை, அந்த மடத்தில் இரவுச் செபத்தில் பத்து நாளும் பாடியிருக்கிறேன். அன்று பகல் வெளிச்சத்தில் கேட்டபோது, குழந்தையை ஏந்திய கிழவரின் கைகள் அப்பாவின் கைகளாகத் தெரிந்தன.

எரிந்த மிச்சத் திரியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதை மறுபடி ஏற்றித் தன் கையில் பிடித்துக்கொண்டார். அப்பாவின் விவிலியத்தை எடுத்தேன். லூக்கா 2. அவர் நிறுத்துகிற இடத்துக்கு அடுத்து, 21ஆம் வசனத்திலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன்.