படிப்பு முடிந்தது, லைசென்ஸ் எப்போது?

சித்தி மகள் இப்போது பி.பார்ம், அதாவது பார்மசிஸ்ட் ஆவதற்கான பட்டப்படிப்பு, கடைசி செமஸ்டர். போன வாரம் போன் செய்து, "அக்கா, பரீட்சை முடிஞ்சதும் எத்தனை நாள்ல லைசென்ஸ் கைக்கு வரும்?" என்று கேட்டாள். சட்டப்படி தனியாகக் காத்திருப்புக் காலம் எதுவும் கிடையாது, ஆனால் எனக்கு ஐந்து மாதம் ஆனது, என்னோடு படித்த ஒருத்திக்கு ஒரே மாதம், இங்கிலாந்து போன இன்னொருத்திக்கு நான்கு வருடம் என்று சொன்னேன். "என்னக்கா குழப்புற" என்று சொல்லி வைத்துவிட்டாள். சரி, போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 'லைசென்ஸ்'. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம், நானும் சொல்கிறேன், ஆனால் நம் ஊரில் லைசென்ஸ் கடைக்குத்தான், ஆளுக்கு இல்லை. மெடிக்கல் வைப்பவர் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் வாங்குவது லைசென்ஸ். படிவம் 20, படிவம் 21 என்று கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குமே, அது. நமக்குக் கிடைப்பது பதிவு. 1948ஆம் ஆண்டு பார்மஸி சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் பார்மசிஸ்டுகளுக்கென்று ஒரு பதிவேடு உண்டு, இங்கே அதை வைத்திருப்பது தமிழ்நாடு பார்மஸி கவுன்சில். அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கும் உரிமை வருகிறது. பட்டம் மட்டும் கையில் இருந்தால் நாம் பட்டதாரி, பார்மசிஸ்ட் இல்லை.

பி.பார்ம் நான்கு வருடம், எட்டு செமஸ்டர். ஆறாவது செமஸ்டர் முடிந்ததும் ஒரு கம்பெனியிலோ ஆஸ்பத்திரியிலோ 150 மணி நேரப் பயிற்சி, அதுவும் படிப்புக்குள்ளேயே அடக்கம். அதற்குப் பிறகு தனித் தேர்வோ, தனிப் பயிற்சியோ எதுவும் இல்லை. ரிசல்ட் வந்து புரொவிஷனல் சர்டிபிகேட்டும் கிடைத்துவிட்டால் விண்ணப்பிக்கலாம். ஆறு வருட பார்ம்.டி (பார்மஸியில் டாக்டர் பட்டம்) படிப்பவர்களுக்குக் கடைசி ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப், அதுவும் அந்த ஆறுக்குள்தான். டிப்ளமோவான டி.பார்ம் மட்டும் வேறு கதை. இரண்டு வருடம் படித்து, அதன்பின் குறைந்தது மூன்று மாதத்தில் 500 மணி நேரப் பயிற்சியும் முடிக்க வேண்டும். போதாததற்கு 2022இல் அவர்களுக்கு மட்டும், படிப்பு முடித்தபின் எழுதுகிற எக்ஸிட் தேர்வு ஒன்றையும் அறிவித்தார்கள். மூன்று தாள், ஒவ்வொன்றிலும் பாதி மதிப்பெண், மூன்றையும் ஒரே மூச்சில் தாண்ட வேண்டும். என் சித்தி மகள் இதை எங்கேயோ பார்த்துவிட்டுத்தான் பயந்து போன் செய்திருக்கிறாள். பி.பார்முக்கு அது இல்லையம்மா, தூங்கு.

அப்படியானால் எனக்கு ஏன் ஐந்து மாதம்? ஓர் 'எச்' காரணம். பத்தாம் வகுப்பு சான்றிதழில் என் பெயர் கீதா, ஆங்கிலத்தில் 'டி'க்குப் பக்கத்தில் 'எச்' உண்டு. கல்லூரியில் சேர்ந்த அன்று படிவத்தில் யாரோ அந்த எச்சை விட்டுவிட்டார்கள், யாரோ என்ன யாரோ, நானே அவசரத்தில் விட்டிருக்கலாம். முதல் செமஸ்டர் மார்க் ஷீட் வந்தபோதே கண்ணில் பட்டது. ஓர் எழுத்துதானே என்று நான்கு வருடம் அப்படியே ஓட்டினேன். ரிசல்ட் ஜூலையில் வந்தது. விண்ணப்பம் போட உட்கார்ந்தால் பத்தாவது சான்றிதழ், ஆதார் இரண்டிலும் ஒரு கீதா, பட்டத்தில் இன்னொரு கீதா. வக்கீலிடம் போய் இரண்டும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் எழுதி வாங்கினேன், அது செல்லாது, மூலத்தையே திருத்திக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார்கள். மறுபடி கல்லூரி, மனு, கட்டணம், பழைய மார்க் ஷீட்கள் எட்டையும் ஒப்படைப்பது, அவை திரும்ப வரும்வரை காத்திருப்பது. இதற்கு நடுவில் அப்பாவுக்கு என் பெயரை எழுத்துக் கூட்டாமல் கூப்பிடவே வராமல் போய்விட்டது. டிசம்பரில்தான் பதிவெண் வந்தது. பெயரில் சிக்கல் இல்லாத தோழி ஆகஸ்டிலேயே வாங்கிவிட்டாள்.

ஆனால் அந்த ஐந்து மாதத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வீட்டில் சும்மா இருக்காதே என்று அப்பா கோவில்பட்டியில் தெரிந்த ஒரு மெடிக்கலில் கொண்டுபோய் விட்டார். அந்த அண்ணாச்சி டி.பார்ம், இருபத்தைந்து வருடமாகத் தினமும் தன் கடையில் தானே நிற்கிற ஆள். நான் ரேக்கிலிருந்து எடுத்து வைக்கலாம், பில் போடலாம், கவரில் எழுதலாம், ஆனால் அவர் ஒருமுறை பார்க்காமல் எதுவும் கவுண்டரைத் தாண்டக் கூடாது. அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது எக்ஸ்பைரி தேதி இருக்கிற பக்கம் கடையில் தங்க வேண்டும் என்பதை எனக்கு நான்கு வருடத்தில் யாரும் சொன்னதில்லை. அவர் முதல் நாளே சொன்னார், சொன்ன விதம் இங்கே எழுதக்கூடியது இல்லை.

ஒரு நாள் மூட்டுவாதத்துக்கு மருந்து வாங்க ஓர் ஆச்சி வந்தார். சீட்டில் மெத்தோட்ரெக்ஸேட் 7.5, கூடவே ஃபோலிக் ஆசிட். நான் பாட்டுக்கு எடுத்து வைத்து, கை பழக்கத்தில் கவரில் 'இரவு 1' என்று எழுதிவிட்டேன். மெத்தோட்ரெக்ஸேட்டை மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் கொடுப்பார்கள். தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜையே படுத்துவிடும், ஆள் போய்ச் சேர்ந்த கதைகளும் உண்டு. இது எனக்குத் தெரியாதா? தெரியும். பார்மகாலஜி பரீட்சையில் இதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினவள் நான். டாக்டர் சீட்டில் வாரம் ஒருமுறை என்று கோழிக் கிறுக்கலில் எழுதியிருந்ததும் என் கண்ணில் விழவில்லை. அண்ணாச்சி கவரைப் பார்த்தார், என்னைத் திட்டவில்லை, அதைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு கவர் எடுத்தார். "ஆச்சி, உங்க வீட்ல கறி என்னைக்கு எடுப்பீங்க?" "ஞாயித்துக்கிழமை." "இந்த மஞ்ச மாத்திரை கறி எடுக்கிற அன்னைக்கு மட்டும்தான். வேற எந்த நாளும் தொடக் கூடாது, வலிச்சாலும் தொடக் கூடாது." ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது. கவரில் பெரிதாக 'ஞாயிறு மட்டும்' என்றும் எழுதினார், வீட்டில் பேரன் பார்ப்பான் என்று. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஜூலையிலேயே பதிவெண் வந்து, நான் ஒரு கடையில் தனியாக நின்றிருந்தால் என்று நினைத்து நினைத்துப் படுத்தேன்.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. எனக்குப் பதிவு வரப்போகிறது என்று எப்படியோ தெரிந்துகொண்டு ஒருவர் வீட்டுக்கே வந்தார். "பாப்பா கடைக்கு வரவே வேண்டாம், சர்டிபிகேட்ட மட்டும் கொடுத்தாப் போதும், மாசாமாசம் ஐயாயிரம் அக்கவுன்ட்ல விழும்." அம்மாவுக்குக் கொஞ்சம் ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். சர்டிபிகேட் ஒரு கடையில் தொங்க, ஆள் வேறு ஊரில் வேறு வேலை பார்ப்பது நம் பக்கத்தில் புதிதில்லை. மாட்டினால் பதிவேட்டிலிருந்து பெயரையே எடுத்துவிடலாம், அது ஒரு பக்கம். அந்தக் கவுண்டரில் ஆச்சிக்கு 'இரவு 1' என்று எழுதுகிறவனைத் தடுக்க யார் இருப்பார்கள்? முடியாது என்று சொல்லிவிட்டேன். வந்தவர் காபியைக் குடித்துவிட்டு அடுத்த தெருவில் இருந்த என் ஜூனியர் வீட்டைக் கேட்டுக்கொண்டு போனார்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்குக் கணக்கே வேறு. இங்கிலாந்து போன தோழி இங்கே பதிவு வாங்கி, ஐஈஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் ஏழு எடுக்க மூன்று தடவை எழுதினாள். பிறகு அங்கே ஓஸ்பாப் என்று வெளிநாட்டு பார்மசிஸ்டுகளுக்கான ஒரு வருடப் படிப்பு, அதன்மேல் 52 வாரப் பயிற்சி, அதற்கும் மேல் பதிவுத் தேர்வு. அந்தத் தேர்வுக்கு மூன்று வாய்ப்புதான், மூன்றாவதிலும் போனால் கதை முடிந்தது. கணக்குத் தாளில் மட்டும் நாற்பது கேள்வி, எல்லாம் டோஸ் கணக்கு. இங்கே நமக்கு அப்படி ஒரு தாள் வைத்தால் எத்தனை பேர் தேறுவோம் என்று அவள் கேட்டாள், நான் பேச்சை மாற்றினேன்.

அமெரிக்கா என்றால் நம் பி.பார்மை வைத்துக்கொண்டு வாசலையே தொட முடியாது. 2003 முதல் பட்டம் வாங்கினவர்கள் குறைந்தது ஐந்து வருடப் பாடத்திட்டத்தில் படித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி, நம்முடையது நான்கு. 2008இல் இங்கே பார்ம்.டி வந்ததும் அதில் கூட்டம் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதைப் படித்துவிட்டுப் போனாலும் நம் படிப்பு அவர்கள் படிப்புக்குச் சமமா என்று பார்க்கிற சமநிலைத் தேர்வு, டோஃபல் என்கிற ஆங்கிலத் தேர்வு, மாநிலம் கேட்கிற இன்டர்ன் மணி நேரம், அப்புறம் நாப்லெக்ஸ் என்கிற பார்மசிஸ்ட் லைசென்ஸ் தேர்வு, பல மாநிலங்களில் சட்டத் தேர்வு தனி. டோஃபலில் பேசுகிற பிரிவில்தான் நம் ஆட்கள் பலர் நிற்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதி சித்தி மகளுக்கு அனுப்பி, மற்றதெல்லாம் அப்புறம், முதலில் எல்லா மார்க் ஷீட்டையும் பத்தாவது சான்றிதழையும் தரையில் பரப்பி வைத்து எழுத்து எழுத்தாகப் பார் என்றேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "அக்கா, பேரெல்லாம் சரியா இருக்கு. ஆனா மூணாவது செமஸ்டர்ல இருந்து அப்பா இனிஷியல் மாறியிருக்கே, அது பரவாயில்லதானே?"