கையைப் பார், காதை நம்பாதே

மூன்று வருடம் மாத வாடகை கட்டி கிளாரினெட் கற்ற பெண், பள்ளி மார்ச்சிங் பேண்டில் (நடந்தபடியே வாசிக்கும் வாத்திய அணி) டிரம் மேஜர், அதாவது அணித் தலைவி, ஆன அன்றே அதைப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள். அமெரிக்காவில் குடியேறிய நம்மூர்ப் பெற்றோருக்கு இது நல்ல அதிர்ச்சி. இனி அவள் மைதானத்தின் முன்னால் ஓர் உயரமான மேடையில் ஏறி நின்று கையசைப்பாள். "எல்லாரும் கீழ நின்னு வாசிக்க, இவ மட்டும் எதுக்கும்மா ஏணி மேல?" என்று கடலூரிலிருந்து ஆத்தா போனில் கேட்டால் சட்டென்று பதில் வராது.

நம்மூரில் பேண்டு லீடரைத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம் போதும். பி.டி. சார் வரிசையை ஒரு பார்வை பார்ப்பார். நல்ல உயரம், கணீர்க் குரல். "நீ முன்னாடி வா." முடிந்தது. அதன்பிறகு ஆகஸ்ட் 15 வரை சைடு டிரம், பாஸ் டிரம், சிம்பல், புல்லாங்குழல் எல்லாம் அவன் பின்னால். பாஸ் டிரம்மில் 'டம்' விழுந்தால் இடது கால் தரையில் இருக்க வேண்டும், சட்டம் அவ்வளவுதான். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கடல்காற்று சத்தத்தை அள்ளிக்கொண்டு போனாலும் அணி குலையாது. எல்லாரும் நெருங்கி, ஒரே திசையில் நடக்கிறார்கள். காதை நம்பினால் போதும்.

அங்கே அப்படியில்லை. பெரும்பாலும் வசந்த காலத்தில் தேர்வு. ஒரு பாட்டுக்கு முழுக்கக் கையசைத்துக் காட்ட வேண்டும், கட்டளை கொடுக்க வேண்டும், புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு நடை கற்றுக்கொடுக்க வேண்டும், நேர்காணலும் உண்டு. நம் பிள்ளைகள் தடுமாறுவது கட்டளையில்தான். 'பெரியவங்க முன்னால குரல உயர்த்தாதே' என்று வளர்த்துவிட்டு, நூறு பேரை ஒரு அதட்டலில் நிமிர வைக்கச் சொன்னால் எப்படி? தொண்டையால் கத்தினால் இரண்டாம் நாளே குரல் கட்டிக்கொள்ளும். மூச்சை அடிவயிறு வரை இழுத்து, முதல் சொல்லை நீட்டி, இரண்டாம் சொல்லை வெட்டினாற்போல விட வேண்டும். அதுவும் அடுத்துத் தொடங்கப்போகும் பாட்டின் வேகத்திலேயே.

இதெல்லாம் பழகிவிடும். எளிதில் பழகாதது, பிள்ளைகளைக் குழப்பிவிடுவது, ஒலியின் சோம்பேறித்தனம்.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் தூரத்தில் வாணம் வெடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெளிச்சம் முதலில், சத்தம் பிறகு. அதே கணக்குதான். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,100 அடி போகிறது. அமெரிக்கக் கால்பந்து மைதானம் கோல் கோட்டிலிருந்து கோல் கோடு வரை 300 அடி. ஒரு முனையில் எழுந்த சத்தம் மறுமுனைக்குப் போய்ச் சேரக் கால் நொடிக்குச் சற்று மேல் ஆகும். நிமிடத்துக்கு 120 பீட் (தாள அடி) என்றால் ஒரு பீட்டுக்கு அரை நொடி. அப்படியானால் வலது ஓரத்து டிரம்பெட்காரன் இடது ஓரத்து டிரம்பெட்டைக் கேட்டு வாசித்தால் அரை பீட் பிந்துவான். வேகம் 160 ஆனால் முக்கால் பீட்டுக்குப் பக்கம். பார்வையாளர் காதில் விழுவது பாட்டாக இருக்காது, சந்தைக் கூச்சலாக இருக்கும்.

இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. டிரம் அணியை மைதானத்தின் நடுவே பின்பக்கமாக நிறுத்துவார்கள். அவர்களுக்கு முன்னால் நிற்பவர்கள் எல்லாரும் முதுகுப்பக்கம் வரும் டிரம்மைக் கேட்டு வாசிப்பார்கள். டிரம் சத்தம் முன்னோக்கி வர வர மற்ற வாத்தியங்கள் அதோடு ஏறிக்கொள்ள, எல்லாம் சேர்ந்து ஒன்றாக வந்து சேரும். டிரம்முக்குப் பின்னால் இருப்பவர்களும் ஓரத்தில் பரந்து நிற்பவர்களும் மேடை மேலிருக்கும் கைகளைப் பார்க்க வேண்டும். ஒளிக்குக் காத்திருக்க வேண்டியதில்லையே. டிரம் மேஜர் தன் பங்குக்கு, டிரம் வரிசையின் நடுவில் நிற்கும் ஸ்நேர்காரரின் (சைடு டிரம் வாசிப்பவர்) பாதங்களில் கண் வைத்துக் கையசைப்பார்.

கேட்க எளிது. ஆனால் மேடையில் நிற்பவளுக்கு நூறு வாத்தியமும் பிந்தியே கேட்கும். எதிர்ப்பக்க கான்கிரீட் படிகளில் மோதித் திரும்பும் எதிரொலி வேறு. 'நான்தான் வேகமாகப் போகிறேனோ' என்ற சந்தேகத்தில் கையை ஒரு துளி மெதுவாக்குவாள். கையைப் பார்த்து வாசிப்பவர்களும் மெதுவாவார்கள். அது இன்னும் பிந்திக் கேட்கும், மறுபடி மெதுவாக்குவாள். பத்துப் பன்னிரண்டு தாளச் சுற்றில் பாட்டு படுத்துவிடும். காதில் விழுவதை ஒதுக்கிவிட்டு, கண்ணில் படும் காலடியோடு கையின் வேகத்தை மாறாமல் பிடிப்பதுதான் இந்தப் பதவியின் பாதி. வெட்கப்பட்டுப் பேசும் பிள்ளைகளுக்கு ஒரே பருவத்தில் முதுகெலும்பு முளைப்பது இங்கேதான். கட்டளை போடுவதில் இல்லை என்பது என் கட்சி.

கையில் கவனிக்க வேண்டியது: நான்கு பீட்டுக்குக் கீழே, உள்ளே, வெளியே, மேலே. ஒவ்வொரு பீட்டும் ஒரே மட்டத்தில் விழ வேண்டும். வேகம் கூடக்கூட அசைவு சிறுக்க வேண்டும். 160-இல் பெரிய அசைவு போட்டால் கை போய்ச் சேர நேரம் போதாது, தோளும் வலிக்கும். வீட்டில் கண்ணாடி முன் மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) ஓடவிட்டு, முழுப் பாட்டையும் நிறுத்தாமல் போட்டுப் பார்ப்பதைவிட நல்ல பயிற்சி இல்லை.

ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ முகாம் தொடங்கும். ஐந்து கெஜத்துக்கு எட்டு காலடி, ஒரு காலடிக்கு 22.5 அங்குலம், அது காலில் படியும்வரை நடை, நடை, நடை. விறைப்பாக நிற்கும்போது முழங்காலைப் பூட்டி நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி மயக்கம் வரும். முழங்காலைச் சற்றே தளர்த்தச் சொல்வதும், வெறும் வயிற்றோடு வந்தவரைக் கண்டுபிடிப்பதும், தண்ணீர் இடைவேளை தவறாமல் பார்ப்பதும் லீடர் வேலை. (நம்மூர் அணிவகுப்பில் யாராவது சரிந்தபின்தான் குளுக்கோஸ் டப்பா வெளியே வரும்.) அங்கே அண்ணா, அக்கா கிடையாது. பன்னிரண்டாவது படிக்கிறவளை ஒன்பதாவது பையன் பேர் சொல்லிக் கூப்பிடுவான். வயதுக்கு மரியாதை வந்துவிடாது. அதனால் 'ஏன் தப்பா போற?' என்று கேட்கிற லீடர் தோற்பாள். 'நாலாவது எண்ணில் இடது கால் கோட்டில் இருக்கணும்' என்று சொல்கிறவள் பேச்சு எடுபடும்.

செப்டம்பர் ஆனால் எல்லாம் பழகிவிட்டது, பள்ளிக் கால்பந்து ஆட்டம், அதில் பேண்டு, இதுதான் நம் வெள்ளிக்கிழமை இரவு என்போம். அப்போது பார்த்துப் பின்வரிசை சூசாஃபோன் (உடலைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய ஊதுகுழல்) தாழ்ந்த சுரத்தில் நீளமாக ஒன்று பிடிக்கும். மனசு சட்டென்று திருப்பாதிரிப்புலியூர் சன்னதித் தெருவுக்குப் போய்விடும்: சுருதி பிடிக்கும் ஒத்து, நாயனம், தவில். அங்கே மேடையும் இல்லை, வெள்ளைக் கையுறையும் இல்லை. நாயனக்காரர் லேசாகத் தலையைத் திருப்பினால் தவில்காரருக்குத் தீர்மானம் (தாளத்தை முடித்து வைக்கும் இடம்) புரியும். எட்டு அடி தூரத்தில் நடக்கிற விஷயம் அது. அதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, பிள்ளையின் கையசைப்பில் குறை சொல்ல ஏதாவது இருந்துகொண்டே இருக்கும்.

சொல்லாமல் இருப்பது உத்தமம். ஆட்டம் பார்க்கப் போனால் முன்வரிசை வேண்டாம். முன்னால் உட்கார்ந்தால் பக்கத்திலிருக்கும் வாத்தியம் மட்டுமே கேட்கும், நடையின் உருவமும் தெரியாது. 50 கெஜக் கோட்டுக்கு (மைதானத்தின் நடுக்கோடு) நேரே, மேலே ஏறி உட்காருங்கள். போனைக் கிடையாகப் பிடியுங்கள்; ஊரில் சனிக்கிழமை காலை காபியோடு பார்ப்பவர்களுக்கு முழு அணியும் தெரியும். உற்சாகத்தில் தாளம் போட்டு மட்டும் கைதட்டாதீர்கள். உங்கள் தட்டலும் பிந்தித்தான் மைதானத்தில் விழும், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.