காகிதத்தைத் தூக்கினால்

இன்று வடிவமைப்பு ஸ்டுடியோ வகுப்பில் பாடம் ஹம்ப்ரி ரெப்டன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துப் பணக்காரர்களுக்குத் தோட்டம் வடிவமைத்தவர். திட்டத்தைச் சிவப்புத் தோல் அட்டை போட்ட புத்தகமாகக் கொடுப்பார். நீர்வண்ணப் படத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். மூடியிருந்தால் இன்றைய நிலம், தூக்கினால் அவர் செய்யப்போகும் நிலம். கில்லாடி வியாபாரி!

1816இல் வெளியான அவர் புத்தகத்தில் எசெக்ஸில் இருந்த சொந்த வீட்டு முன்புறத்தையே இப்படிக் காட்டியிருக்கிறார். மூடியிருக்கும்போது வேலியோரம் ஒரு பிச்சைக்காரர், எதிரே இறைச்சிக்கடை. தூக்கினால் பூச்செடிகள். தொங்கும் இறைச்சி மறைந்துவிட்டது, அந்த ஆளும் இல்லை.

“அவர் எங்க சார் போனார்?” என்றாள் ஒரு மாணவி.

“லேயரை ஆஃப் பண்ணிட்டாங்க.” கடைசி வரிசையிலிருந்து. கணினிப் படத்தில் ஓர் அடுக்கை மறைப்பதை அப்படித்தான் சொல்வோம்.

சிரித்துவிட்டுச் சுவரைப் பார்த்தோம். போன செமஸ்டர் ஏரிக்கரைத் திட்டப் படங்கள். பொன் வெயில், சைக்கிளில் போகும் வெள்ளைக்காரக் குடும்பம் (இணையத்தில் வெட்டி எடுத்தது). களத்துக்குப் போன மூன்று நாளும் எங்களுக்கு டீ போட்டுக்கொடுத்த அக்காவின் தள்ளுவண்டி ஒரு படத்திலும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மார்க் போட்டது நான்தான்.